அக்காவுக்கு வந்து போனது, தம்பிக்கு வந்து தங்கியது

1

இந்தக் கதை எனக்கு முடிவெட்டுகிற அக்காவிடமிருந்து கிடைத்தது. திருடவில்லை, கேட்டுத்தான் வாங்கினேன். "எழுதிக்கோங்க, ஆனா என்னைப் பாவமா எழுதாதீங்க" என்றார். அதனால் என் முதல் தொடக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது:

அந்தப் பெண்ணின் வாழ்வில் திடீரென்று இருள் சூழ்ந்து...

இருளெல்லாம் சூழவில்லை. ஒரு காலையில் வலது கண் மட்டும் புகை படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல மங்கியது. அந்தக் கண்ணோடு கடையைத் திறந்து, ஒருவருடைய மீசையில் ஒரு பக்கத்தை அளவுக்கு மீறி எடுத்துவிட்டார். (அந்த ஒருவர் நான்தான். மறுபக்கத்தையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேறு வழி?)

மருத்துவமனையில் எம்.எஸ். என்றார்கள், விரித்துச் சொன்னால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் நரம்பின் உறையையே கடித்துவைக்கிறது. மூளை சொல்லி அனுப்புவது கண்ணுக்கும் கைக்கும் அரைகுறையாகப் போய்ச் சேர்கிறது. மருந்து ஏற்றினார்கள். சில வாரங்களில் கண் தெளிந்தது. அடுத்த வருடம் இடது கை மரத்துப்போனது. அதுவும் தேறியது. வருவதும் தணிவதுமாக இருப்பது ஒரு வகை, உங்களுக்கு அதுதான் என்றார் டாக்டரம்மா.

2

கதைக்கு வாகான நோய் என்று நினைத்தேன். (இப்படியெல்லாம் நினைக்கிறவனைத்தான் எழுத்தாளன் என்கிறார்கள்.) விழுவதும் எழுவதும் தானாகவே அமைந்திருந்தன. முடிவுகூடக் கைவசம் இருந்தது.

அந்த நேரத்தில் கதைக்குள் தம்பி வந்து சேர்ந்தார். அக்காவின் ஒரே தம்பி, லிஃப்ட் மெக்கானிக். கடையின் பின்கட்டில் அக்காவோடு இருந்தார். அவருக்கு ஒரு கால் லேசாக இழுத்தது. எப்போதிருந்து என்று அவருக்கே தெரியாது. செருப்பு அடிக்கடி கழன்றது, ஏணி நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போனது. வயதாகிறது என்று விட்டுவிட்டார். கடைசியில் அதே டாக்டரம்மா, அதே எம்.எஸ்.

அவரைக் கதையிலிருந்து கழற்றிவிடப் பார்த்தேன். ஒரே வீட்டில் இருவருக்கா என்று நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பது வெளியே சொன்ன காரணம். (அபூர்வம்தான், ஆனால் உண்டு.) உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. அவருடைய நோயில் காட்சியே இல்லை. போன மாதத்தைவிட இந்த மாதம் ஓர் இம்மி மோசம். இதில் எங்கே திருப்பம் வைப்பது?

ஆனால் அக்கா எதைப் பேச ஆரம்பித்தாலும் தம்பியில்தான் போய் முடித்தார். சரி, இருக்கட்டும்.

3

அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. "எனக்குப் போகலையா? உனக்கும் போயிடும்டா."

"சரிக்கா" என்பார் தம்பி, சுவரைப் பிடித்தபடி.

தம்பி சக்கர நாற்காலிப் பேச்சை எடுத்தபோது மட்டும் அக்கா சீறினார். "அதுல உக்காந்துட்டா அப்புறம் எழுந்திருக்கவே மாட்ட." அக்காவின் மனசுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் மீண்டு வந்தேனே, இவன் மனசு வைக்கவில்லையோ என்று.

ஒருநாள் தம்பி கூடத்தில் நிலைதடுமாறி விழுந்தார். தூக்கிவிட ஓடிவந்த அக்கா, பயத்தில் அதைச் சொல்லியே விட்டார். "கொஞ்சமாவது முயற்சி பண்ணேன்டா. நான் பண்ணலையா?"

தரையில் கிடந்தபடியே தம்பி நிதானமாகக் கேட்டார். "நீ என்னக்கா முயற்சி பண்ணின? அதுவா வந்துச்சு, அதுவா போச்சு."

(இங்கே நான் ஒரு மழையைப் பெய்ய வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

4

அடுத்த முறை அக்காவும் டாக்டரம்மாவின் அறைக்குள் போனார். "இவனுக்கு எப்ப தணியும், டாக்டர்?"

டாக்டரம்மா நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிக்கொண்டார். "இவருக்கு வந்திருக்கிறது முதல்லேர்ந்தே மெதுவா கூடிக்கிட்டுப் போற வகைம்மா. நடுவுல சில காலம் அப்படியே நிக்கலாம். மருந்து வேகத்தைக் குறைக்கலாம். உங்களுக்குத் தணிஞ்ச மாதிரி எதிர்பார்க்காதீங்க. அவர் எந்தத் தப்பும் பண்ணலை."

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. "அப்ப எனக்கு எப்பவும் வந்து வந்து போயிடும், இல்லையா?" என்றார்.

"சிலருக்குக் கடைசிவரைக்கும் அப்படித்தான். சிலருக்குப் பல வருஷம் கழிச்சு அது மாறும். வர்றதும் போறதும் குறைஞ்சு, இவருக்கு மாதிரி மெதுவா கூட ஆரம்பிக்கும். அதுக்குத்தான் மருந்தை விடாதீங்கன்னு சொல்றேன்."

"நான் எதுல சேர்த்தி?"

"இப்ப சொல்ல முடியாதும்மா. சொன்னா அது பொய்."

திரும்பும்போது டாக்சியில் அக்கா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். தம்பிதான் ஆரம்பித்தார்.

"மாறினா மாறட்டும்க்கா. அந்த ரோட்டுல எங்கெங்க பள்ளம்னு எனக்கு அத்துப்படி. நான் முன்னாடி போறேன், நீ பின்னாலயே வா."

"வாயைக் கழுவுடா." பிறகு, வெகு தூரம் போன பிறகு, "நீ மனசு வைக்கலைன்னு நினைச்சிட்டேன்டா."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"உனக்கு அந்த நம்பிக்கை வேண்டியிருந்துச்சு. எனக்கு நாற்காலி வேண்டியிருந்துச்சு. எதை முதல்ல கேக்கிறதுன்னு தெரியலை."

5

நாற்காலி வந்தது. கடையில் முடிவெட்ட இரண்டு இருக்கைகள், இரண்டும் தரையோடு முடுக்கியவை. ஒன்றைக் கழற்றினால்தான் தம்பி கண்ணாடி முன்னால் வர முடியும். ஆளைக் கூப்பிடலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி சக்கரத்தில் இருந்தபடி மேற்பார்வை.

"இடது பக்கம் திருப்பு."

"திருப்பறேனே."

"அது உன் இடது. நட்டோட இடது எதுன்னு பாரு."

"நட்டுக்கு ஏதுடா இடது கை?"

மதியத்துக்குள் இருக்கை வெளியே போனது. தம்பி மெல்ல உருட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் வந்து நின்றார். முடி காதை மூடியிருந்தது. அக்கா துணியைப் போர்த்தினார்.

6

முடிவு. இதற்கு மூன்று எழுதிப்பார்த்தேன். ஒன்றில் புது மருந்து வந்து இருவரும் எழுந்து நடந்தார்கள். ஒன்றில் அக்காவின் நோயும் மாறி... வேண்டாம். இன்னொன்றில் தம்பியைச் சாகடித்தேன். இருக்கையைக் கழற்றிய அன்றைக்கே கடையில் உட்கார்ந்து, அக்கா கத்திரி பிடித்திருக்க, மூன்றையும் படித்துக் காட்டினேன்.

"என்னை எதுக்கு சார் கொன்னீங்க? அவ்வளவு அவசரமா?" என்று தம்பி துணிக்குள் குலுங்கினார்.

அக்கா சிரிக்கவில்லை. "டாக்டருக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் மூன்றையும் கிழித்தேன். உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் எழுதுங்கள். அக்காவிடம் படித்துக் காட்டுகிற தைரியம் உங்களுக்கு இருக்க வேண்டும், அவ்வளவே. நான் எழுந்தபோது தம்பிக்கு வலப்பக்கம்தான் வெட்டி முடிந்திருந்தது. இடப்பக்கம் பாக்கி.

"ஆடாம இருடா."

"கால்தான்க்கா தானா ஆடுது. தலை ஆடலை."

"கால் ஆடட்டும், அதை யாரு கேட்டா?" என்று அக்கா அவருடைய தாடையைப் பிடித்து நிமிர்த்தி, சீப்பை வைத்தார்.