கோசேனில் முதல் குழி

காலையில் எழுந்தேன். அடுப்பு மூட்டிச் சோளமாவுக் கஞ்சி வைத்தேன். கோவேறு கழுதைக்குத் தண்ணீர் காட்டினேன். முகம் கழுவிக் கோட்டு போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூட நாளில் செய்வதெல்லாம் செய்தேன். அன்று பள்ளிக்கூடம் இல்லை. உள்ளே என் மனைவி லவினியா பலகையின் மேல் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். காய்ச்சல். முந்தின நாள் மாலை போய்விட்டாள்.

கோசேன் எங்கள் ஊர். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை வந்தபின் சில கறுப்பினக் குடும்பங்கள் சேர்ந்து டெக்சாஸில் ஓர் ஆற்றோரத்தில் யாருக்கும் வேண்டாத சதுப்பை வாங்கி, மரம் வெட்டி உண்டாக்கியது. தேவாலயம் கட்டினோம். பள்ளிக்கூடம் கட்டினோம், கல்லூரி போய் வந்த நான் அதில் ஆசிரியன். ஊரில் அதுவரை யாரும் சாகவில்லை. அதனால் கல்லறைத் தோட்டம் இல்லை.

மாமியார் கெசியா ஓடைக்கு அப்பால், பழைய எஜமானின் நிலத்திலேயே விளைச்சலில் வாரம் கொடுத்துப் பருத்தி போடுகிறாள். சேதி கேட்டு இருட்டிலேயே நடந்து வந்திருந்தாள்.

“எம்புள்ளைய இங்க போடக் கூடாது மாப்ள. அவ அப்பன், அண்ணனுங்க எல்லாம் பண்ணைக்குப் பின்னாடிதான் படுத்திருக்காங்க. இங்க அவளுக்கு யாரு இருக்கா?”

“நாங்க இருக்கோம்ல,” என்றான் முற்றத்தில் சவப்பெட்டி செய்துகொண்டிருந்த ரான்சம்.

“நீ இன்னும் சாகலையே.”

“அவசரப்படுத்தாத கெசியாக்கா. ஒரு பெட்டிக்குத்தான் பலக இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாகிறவர் தனக்கான இடத்தைச் சொல்லிவிட்டால் எங்கள் ஜனம் அதை மீறாது. கடைசி நேரத்தில் அவளோடு இருந்தவன் நான் மட்டும்.

“எங்க போடச் சொன்னா? பொய் சொல்லாத,” என்றாள் கெசியா.

‘இங்கே’ என்று ஒரு சொல் போதும். அவள் என் பக்கத்திலேயே இருப்பாள்.

“எடத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல,” என்றேன்.

“அப்ப பெத்தவ சொல்றதுதான்.”

பெட்டியை வண்டியில் ஏற்றினோம்.

ஓடை தாண்டி, எஜமானின் பண்ணை வீட்டின் பின்முற்றத்தில் கெசியா போய் நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. வெயில் ஏறியது. நெடுநேரம் கழித்து எஜமானின் மகன் வெளியே வந்து வண்டியைப் பார்த்தான்.

“வேண்டாம்னு போனவதானே? போன எடத்துலயே கெடக்கட்டும்,” என்றான். “நீ செத்தா இங்க எடம் உண்டு கெசியா.”

“சரிங்கய்யா.”

வண்டியைத் திருப்பினோம். ஓடை தாண்டியதும் கெசியா, “கால் கெழக்கப் பாத்து இருக்கணும்,” என்றாள்.

தேவாலயத்துக்குப் பின்னால் பைன் மரங்களின் நடுவே குழி வெட்டினோம். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. ரான்சம் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தான். மூடியபின், லவினியா கடைசியாகக் குடித்த கோப்பையை எங்கள் முறைப்படி கெசியா உடைத்து மேட்டில் பதித்தாள்.

“புருஷன் அங்க, மக இங்க,” என்றாள். “நான் எங்க படுக்க?”

ஜனங்கள் கலைந்தார்கள். அவள் மண்ணில் உட்கார்ந்தே இருந்தாள்.

“எடத்தப் பத்தி இல்லன்னா, வேற என்னதான் சொன்னா?”

சொன்னேன்.

“கதவச் சாத்தாத. அம்மா வந்தா தட்ட மாட்டா. வெளியிலயே நின்னுக்கிட்டிருப்பா.”