கூரைக்கு விட்ட கயிறு

1

இந்தக் கதை எழுபத்தெட்டு டிசம்பரில், மண்டபம் போகும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் மூக்கையூர் சந்தியாகு. மடியில் நங்கூரக் கயிறு, வாயில் போன மாதப் புயலுக்கான வசவு. முதலில் இப்படித் தொடங்கினேன்: "எழுபத்தெட்டு நவம்பரில், பேய்க்காற்று ஊளையிட்டபடி..."

(அடித்துவிட்டேன். ஊளை எல்லார் கதையிலும் இருக்கிறது.)

2

புயல் கரையேறிய அன்று தெருவே மாதா கோயிலுக்குப் போய்விட்டது. சந்தியாகுவின் மனைவி லீமாரோஸ் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"இங்காருங்க, நாமளும் போயிருவோம்."

"எத்தன காத்துல வள்ளத்தக் காப்பாத்திருக்கேன்! இந்தக் கூரை எங்கன போயிரும்?"

நங்கூரத்தை முற்றத்தில் புதைத்து, தகரக் கூரையை அதோடு கட்டினார். கை பழக்கத்தில் இரண்டு பாகம்* கயிற்றைத் தளர்வாக விட்டது. வள்ளத்துக்கு அப்படித்தான், அலையோடு ஏறி இறங்க இடம் வேண்டும். [கூரைக்கு வேண்டாம். அது அவருக்குத் தோன்றவில்லை.]

அவள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "தொளதொளன்னு கெடக்கே?"

"கயித்தப் பத்தி நீ எனக்குச் சொல்லாத."

* விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்.

3

கயிறு அறவில்லை. நங்கூரம் அசையவில்லை. கூரை இரண்டு பாகம் ஏறியது, அதே ஒழுங்கோடு இறங்கித் தொட்டிலருகே இருந்த சுவரைத் தொட்டில்மேல் தள்ளியது.

தொட்டில் காலி. கயிற்றைத் தொட்டதிலிருந்து லீமாரோஸ் பிள்ளையைக் கீழே விடவில்லை. விடிந்ததும் மண்டபத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு ஆள் அனுப்பினாள்: "வந்தா அந்தக் கயித்தோட வரச் சொல்லு."

அவள் திரும்புவாளா என்பது தவிர இந்தக் கதையில் எனக்கு வேறு கவலை இல்லை.

4

முடிவு ஒன்று: சந்தியாகு மன்னிப்புக் கேட்கிறார். (நம்ப முடியவில்லை. பஸ்ஸில்கூடக் காற்றைத்தான் திட்டினார்.)

முடிவு இரண்டு: குழந்தை அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறது, உடனே அவளும்... (வெட்கமாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

மூன்றாவது, நான் ஜன்னல் வழியே கண்டது. மண்டபத்தில் பஸ் நின்ற இடத்துக்கு எதிரிலேயே அவள் தாய்வீடு. சந்தியாகு கயிற்றோடு இறங்கிப் போனார். லீமாரோஸ் இடுப்பில் பிள்ளையோடு வெளியே வந்தாள். கயிற்றை வாங்கி ஒரு முனையை வாசல் தூணில் கட்டினாள், மறு முனையை அவர் கையில் கொடுத்தாள்.

"இழுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

பஸ் நகரும்வரை கயிறு தரையில் தளர்ந்துதான் கிடந்தது. அதை இழுத்துக் கதையை முடிப்பது இனி, வாசிக்கிற உங்கள் பாடு. அவள் தொட்டுப் பார்ப்பாள்.