எதிர்ப்பக்கம் சுற்றிய நூல்

ஆற்றோரத்தில் பறக்கிற மேஃபிளை என்ற பூச்சிக்குச் சிறகு முளைத்த பிறகு ஒரு நாள்தான் ஆயுள். மீனை ஏமாற்ற அதே பூச்சியைப் போலப் பொய்ப்பூச்சி ஒன்றைத் தூண்டில் முள்ளில் செய்து முடிக்க இவளுக்கு இரண்டு நாள் பிடிக்கும். நைலான் இழையின் நுனியை நெருப்பில் காட்டினால் உருண்டு திரளும், அது கண். இறகின் இழையில் முடிச்சுப் போட்டால் முழங்கால். பிரஷ்ஷிலிருந்து பிடுங்கிய மூன்று முடி வால். அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து நூலால் சுற்ற வேண்டும். மீன் ஏமாறுகிறதோ இல்லையோ, மனிதர்கள் ஏமாந்து போய் ஊதிப் பார்ப்பார்கள், பறக்கிறதா என்று.

செய்வது இவள். தூண்டில்காரர் சங்கத்துப் போட்டியில் தன் பெயரில் வைப்பது மாமா, அக்காவின் கணவர். அவர் வீட்டில் இருந்து சாப்பிடுகிறவள் வாயைத் திறக்க முடியுமா? ஆனாலும் இவளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. இவள் இடதுகைக்காரி. மற்றவர்கள் ஒரு பக்கம் நூல் சுற்றினால் இவள் நேர் எதிர்ப்பக்கம் சுற்றுவாள். விவரம் தெரிந்தவர் யாராவது ஒரு நாள் பார்ப்பார், கேட்பார், குட்டு உடையும்.

கேட்டேவிட்டார். இந்த வருடம் கோப்பையைக் கொடுக்கும்போது நடுவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "நூல் எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கே, நீங்க இடதுகையா?" என்றாராம். மாமா வலதுகையில் கோப்பையை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாராம்.

"நான்தான் சமாளிச்சேன்," என்றாள் அக்கா, பெருமை பொங்க. "இந்த வேலைக்கு மட்டும் அவருக்கு இடதுகைதான் சார், தினமும் பாக்குறேனேன்னு அடிச்சுவிட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து இவரு செய்யிறதப் பாக்குறேன்னுட்டாரு."

சின்ன வயதில், "அம்மா, இவ நொட்டாங்கையால எழுதுறா" என்று போட்டுக்கொடுத்து அடி வாங்கித் தந்தவள் இதே அக்காதான்.

ஞாயிறு காலை மாமாவின் இடதுகையில் பெரிய கட்டு. கத்தி பட்டுவிட்டதாம். அந்தக் கட்டைப் போட்டது யார் என்கிறீர்கள்? இவளேதான். அக்காவுக்கு இறுக்கமாகச் சுற்ற வரவில்லை.

நடுவர் வந்தார், உச்சுக்கொட்டினார். இவள் காபியைக் கொண்டுவந்து நீட்டினாள், வேண்டுமென்றே இடதுகையால். நடுவர் நிமிர்ந்தார்.

"அட, உனக்கும் இடதுகையாம்மா?"

"ஆமா சார். அந்தப் பூச்சிய..."

"நீ குடுத்துவச்சவ! இடதுகைக்காரங்களுக்குச் சொல்லித்தர ஆளே கிடையாது. நீ வீட்டுலயே குருவ வச்சிருக்க." கோப்பைக்குப் பக்கத்திலிருந்த பூச்சியை எடுத்து இவள் கண்ணெதிரே பிடித்தார். "இந்தக் கண்ணு இருக்கே, நைலானச் சுட்டுச் செய்யிறது. கொஞ்சம் அவசரப்பட்டாலும் கருகிடும். மாமாகிட்ட பொறுமையா கத்துக்க."

அக்கா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் விரல் நுனிகளிலிருந்த சூட்டுத் தழும்புகளை மடக்கி மறைத்துக்கொண்டு, "சரி சார்" என்றாள். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் போனதும் மாமா கையை நீட்டினார். "இத அவுத்துவிடும்மா, அரிக்குது."

"நீங்களே அவுத்துக்குங்க மாமா. எந்தப் பக்கமா சுத்தியிருக்குன்னு குருவுக்குத் தெரியாதா?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா உன் தங்கச்சி வாய!" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அடுத்த வருடப் போட்டிக்கு இதைவிடச் சின்னப் பூச்சியாக ஒன்று வேண்டும் என்றார்.