விரல் தயங்கிய இடம்

அண்ணன் சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட ஆரம்பித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸும் வியர்வையுமாக, நெஞ்சு தெரியத் திறந்துபோட்டுத் திரிகிற ஆள். அண்ணிதான் போனில் அழுதாள். கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கமாம், குரலும் கரகரத்துவிட்டதாம், டாக்டர் என்று வாயெடுத்தாலே மனிதர் ஊமையாகிவிடுகிறாராம். எங்கள் அப்பாவும் இப்படித்தான் பட்டனைப் போட்டு மறைத்தார். மறைத்து என்ன கண்டார், போய்ச் சேர்ந்தார்.

நான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். முன்பின் தெரியாதவர்கள் கழுத்தையெல்லாம் பார்க்கிறேன், கூடப் பிறந்தவன் என் அறைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்கிறான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அவன் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் போக்கர் என்கிற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தான். காசு கிடையாது, சும்மா கொடுக்கிற சில்லுகளை வைத்து ஆடுவது.

"ஸ்கேனுக்கு வர்றியா இல்லையா?"

"இதுல என்னை ஜெயிச்சுக் காட்டு. மறுநாளே வந்து படுக்கறேன். நீதான் பாக்கணும், வேற யாரும் தொடக் கூடாது."

எனக்குச் சீட்டில் ராஜா எது, மந்திரி எது என்பதே தகராறு. அது தெரிந்துதான் சொன்னான்.

"சத்தியமா?"

"சத்தியம். உங்க அண்ணியே சாட்சி."

வாய் நீளமே தவிர, சத்தியத்தை மீற மாட்டான். அன்றே என் கணினியில் உட்கார்ந்தேன்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் பொதுவாக ஐந்து. கை நன்றாக இருந்தால் சில்லு கட்டலாம், இல்லையென்றால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். முதலில் தள்ளுபடிக் கடைக்குள் நுழைந்தவள் மாதிரி எல்லாக் கைக்கும் கட்டித் தொலைத்தேன். மொட்டையடித்து அனுப்பினார்கள். பிறகுதான் ஒதுங்கக் கற்றுக்கொண்டேன். போகப்போக, முகம் தெரியாதவர்களிடம் ஜெயிக்கவும் செய்தேன்.

அண்ணனிடம் மட்டும் பருப்பு வேகவில்லை. ஞாயிறுதோறும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஆடுவோம். எனக்கு நல்ல சீட்டு வந்தால் ஒதுங்கிக்கொள்வான், குப்பை வந்தால் ஏறி மிதிப்பான். கேமரா கிடையாது. இருந்தாலும் என் முகத்தில் ஒன்றும் கிடைக்காது. எதைப் பார்த்தாலும் சுவர் மாதிரி இருப்பதுதானே என் பிழைப்பு.

"எப்படிண்ணா கண்டுபிடிக்கற?"

"வாண்டு, லிஃப்ட் எங்க தயங்குதோ அங்கதான் விஷயம். அவ்வளவுதான் சொல்லுவேன்." சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பழைய ஆட்டங்களை அந்தச் சீட்டாட்ட இணையதளத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டினேன், வெட்கமாகிவிட்டது. குப்பைச் சீட்டு வந்தால் என் விரல் பட்டென்று அழுத்துகிறது. நல்ல சீட்டு வந்தால் நின்று, யோசித்து, அப்புறம்தான் அழுத்துகிறது. அச்சு அசல் ஸ்கேன் அறைதான். ஒன்றுமில்லாத இடத்தில் கருவி வழுக்கிக்கொண்டு போகும். ஏதாவது இருந்தால் நிற்பேன், திரும்புவேன், இரண்டு தடவை அளப்பேன். முகத்தைப் பூட்டி வைத்துவிட்டு விரலைத் திறந்து போட்டிருக்கிறேன், முட்டாள்.

மருந்தும் என் அறையிலேயே இருந்தது. படுத்திருப்பவர்களிடம் சொல்வேனே, மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று. அதையே மனசுக்குள் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் அழுத்தினேன், எந்தச் சீட்டாக இருந்தாலும்.

அடுத்த ஞாயிறு அண்ணன் தடுமாறினான். "என்ன, நெட் மெதுவா இருக்கா?" என்றான். "எங்க வாண்டு தூங்கிருச்சு," என்றான். வாய் ஓயவில்லை, சில்லு மட்டும் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில், மிச்சமிருந்த அத்தனையையும் ஒரேயடியாக நடுவில் தள்ளினான்.

என்னிடம் இருந்தது வெறும் ஒன்பதில் ஒரு ஜோடி. மேசையில் ராஜாவும் ராணியும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தார்கள். அவன் கையில் இன்னொரு ராஜாவோ ராணியோ இருந்தால் அவன் ஜோடிதான் பெரிசு. ஒதுங்குவதுதான் புத்தி. தோற்றால் அவனுக்கு மறுபடி சில்லு ஏறிவிடும், அந்த வீக்கம் பட்டனுக்குள்ளேயே வளரும்.

அப்போதுதான் கவனித்தேன். போனில் சத்தமே இல்லை. கேலி இல்லை, இருமல்கூட இல்லை. அண்ணி டாக்டர் பேச்சை எடுத்தால் ஊமையாகிவிடுவான் என்றாளே. பயந்தால்தான் அண்ணன் பேச மாட்டான்.

இழுங்க. பிடிங்க. விடுங்க. அழுத்தினேன்.

அவன் சீட்டு திரும்பியது. ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. போனில் அண்ணி விசும்புவது மட்டும் கேட்டது. "காலையில வந்துடு," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் வந்தான். பட்டனை அவனே கழற்றினான். ஜெல் ஜில்லென்று இருக்கிறது, மெத்தை அவன் லிஃப்டைவிட ஆடுகிறது என்று தொணதொணத்தான். கருவியைக் கழுத்தில் வைத்தேன். இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் போனேன்.

இருந்தது. கறுப்பாக, ஓரம் சொரசொரப்பாக. சாதாரணக் கட்டிக்கு ஓரம் வழவழப்பாக இருக்கும். ஆனால் விரல் நிற்கவில்லை. இழுங்க, பிடிங்க, விடுங்க. அளக்கிற பொத்தானை ஒரே சீராக அழுத்திக்கொண்டே போனேன்.

அண்ணன் பேச்சை நிறுத்தியிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாம் ஒரே மாதிரி கேக்குது," என்றான். "என்கிட்டயே ஆடறியா?"

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் வாய் திறக்கக் கூடாது. திரையைத் திருப்பக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவன் பக்கம் திருப்பினேன்.

வெகுநேரம் பார்த்தான்.

"இன்னொரு தடவை அளந்துடு," என்றான். "மெதுவாவே பாரு. நான் எங்கயும் ஓட மாட்டேன்."

கருவியை மறுபடி வலது பக்கம் வைத்தேன். இந்தத் தடவை விரலை நிற்கவிட்டேன்.