சாவி வண்டியில் இல்லை

அந்த வெள்ளை வண்டி ஐந்தாவது முறையாக எங்கள் சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. முந்தைய நாலு தடவையும் நான்தான் பார்த்தேன். ஸ்கேனர் போட்டால் ஒரு கோளாறும் காட்டாது. பட்டன் அமுக்கி ஸ்டார்ட் பண்ணுகிற வண்டி, சாவி உள்ளே இருந்து சிக்னல் அனுப்பினால் போதும். சாவிக்குள் இருக்கிற பேட்டரியை மாற்றினேன், பிறகு சாவியையே மாற்றினேன். வேலூரிலிருந்து ஆம்பூர் போய்ச் சேர்ந்த மறுநாளே டேஷ்போர்டில் அதே எச்சரிக்கை வந்து நிற்கும்: சாவி வண்டியில் இல்லை.

சாவி வண்டியில்தான் இருக்கிறது. டிரைவர் கோபியின் சட்டைப்பையில் இருக்கிறது. மனுஷன் சத்தியம் பண்ணுகிறார்.

"எழிலு, உன் மாமியார் வந்துட்டாங்க பாரு" என்று பக்கத்து வண்டியின் அடியிலிருந்து அன்பரசன் கிண்டலடித்தான்.

"நீ உன் ஆயில் ஒழுகறதப் பாரு" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

வழக்கமாகச் சிரித்துக்கொண்டே இறங்கும் கோபி அன்று சிரிக்கவில்லை. "மேடம், இதான் கடைசி. நாளைக்குள்ள சரியாவலன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போன்னுட்டார் சார்" என்றார்.

சார் என்பது இஷ்தியாக் அகமது. ஆம்பூரில் தோல் பர்ஸ் தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனியின் முதலாளி. போன வாரம் வெளிநாட்டு வியாபாரிகள் இரண்டு பேரோடு போகும்போது, மாதனூர் தாண்டி டீக்கு நிறுத்தியிருக்கிறார்கள். திரும்ப ஏறி உட்கார்ந்தால் வண்டி கிளம்பவில்லை. வெயிலில் கால் மணி நேரம். கோபி சாவியை வெளியே எடுத்து நாலு தட்டுத் தட்டிய பிறகுதான் ஸ்டார்ட் ஆனதாம். வண்டி புதுசு, சாவியும் புதுசு, அப்படியென்றால் டிரைவர்தான் சாவியை எங்கேயோ போட்டுவிட்டுக் கதை விடுகிறார் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். பதினோரு வருஷமாக அவரிடம் ஓட்டுகிறவர் கோபி.

"எப்ப வருது? அத மட்டும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா."

அவர் தயங்கினார். "சொன்னா சிரிப்பீங்க. சார் ஏறினா மட்டும்தான் வருது. நான் தனியா ஓட்டினா வர்றதே இல்ல."

நான் சிரிக்கவில்லை. நாலு தடவையும் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதே சமயம் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஆளைப் பார்த்து வருகிற எச்சரிக்கையை நான் எங்கேயும் கண்டதில்லை. சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு கோபியோடு ஆம்பூருக்குக் கிளம்பினேன்.

பள்ளிகொண்டா வரை முதலாளி உட்காரும் இடத்தில், பின் சீட்டில், இரண்டு போனையும் ஒரு லேப்டாப்பையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். ஒன்றும் வரவில்லை. ஓரமாக நிறுத்தி, இறங்கி ஏறினேன். ஒன்றும் வரவில்லை.

"சார் இன்னா வெயிட் இருப்பாரு?"

"உங்கள மாதிரி ஒண்ணரை ஆள்."

டூல் பெட்டியையும் ஜாக்கியையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மாதனூர் வரை போனோம். வண்டி சமர்த்தாக ஓடியது. எனக்கு மண்டை காய்ந்தது, ஆனால் விட மனசில்லை. இவ்வளவு சுவாரசியமான கோளாறு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஆம்பூரில் கம்பெனி கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தச் சொன்னேன். சாயங்காலம் ஐந்தரை. ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணா, இப்ப நான்தான் உங்க சார். நான் உள்ளருந்து வர்றேன். சார் வரும்போது இன்னா பண்ணுவீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே பண்ணுங்க."

இறங்கி, பத்தடி தள்ளிப் போய்த் திரும்பி, முதலாளி நடையில் நடந்து வந்தேன். ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கோபி என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். கியர் பக்கத்துக் குழியில் கிடந்த சாவியை எடுத்தார். அது ஒரு பழுப்புத் தோல் பைக்குள் இருந்தது. திறந்து கிடந்த மூடியை மடக்கி, டிக்கென்று பட்டனைப் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இறங்கிப் பின் கதவைத் திறந்தார். "வாங்க சார்" என்றார். ஏறினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து தன் கதவையும் சாத்தினார்.

டிங்.

சாவி வண்டியில் இல்லை.

இரண்டு பேரும் ஒரு நொடி அந்த எழுத்தையே பார்த்தோம்.

"அண்ணா, அது இன்னா பை? நான் பார்த்ததே இல்லையே."

"சர்வீஸுக்கு விடும்போது கழட்டி வெச்சுக்குவேன் மேடம், கிரீஸ் பட்டுடும்னு. வண்டிய எடுக்கும்போது திரும்பப் போட்டுக்குவேன். ஜாஸ்மின் தச்சுக் குடுத்தது, என் வீட்டுக்காரி. இந்தக் கம்பெனியிலதான் தையல் லைன்ல வேல செய்யறா. தனியா போனா பட்டன் போட மாட்டேன். சார் இருந்தா நீட்டா இருக்கணும்ல?"

பையை வாங்கிப் பிரித்தேன். உள்ளே வெள்ளி நிறத்தில் மெல்லிசாக ஒரு துணி. இன்ஜினை அணைத்து இரண்டு பேரும் இறங்கி, சாவியைப் பைக்குள் வைத்து, பையின் பட்டனைப் போட்டு, சாவியில் இருக்கிற பூட்டும் பொத்தானைத் தோலின் மேலேயே அமுக்கினேன். கதவு பூட்டவில்லை. பையின் பட்டனைத் திறந்து அமுக்கினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. மூடினால் செத்தது, திறந்தால் உயிர். கோபியும் வாங்கிச் செய்து பார்த்தார். மாற்றி மாற்றிப் பத்துத் தடவை செய்திருப்போம், சின்னப் பிள்ளைகள் மாதிரி.

"அப்ப நான் தட்டினதாலதான் ஸ்டார்ட் ஆச்சுன்னு..."

"தட்டினதால இல்லண்ணா. தட்டறதுக்காகப் பையிலருந்து எடுத்தீங்க பாருங்க, அதனால."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போடுங்க மேடம், சாருக்கு இப்பவே போனப் போடுங்க" என்று தானே நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் வைத்தார். முதலாளி சென்னையில் இருந்தார். எனக்கு வாயெல்லாம் பல்.

"சார், கண்டுபிடிச்சிட்டேன். கோபிண்ணா மேல ஒரு தப்பும் இல்ல. சாவிப் பையோட உள்துணிதான் சார் சிக்னல அடைக்குது. வெள்ளி கலர் துணி."

 முதலாளி நிதானமாகக் கேட்டார். "அதுல பொடிப்பொடியா கட்டம் இருக்காம்மா?"

"ஆமா சார். கரெக்டா சொல்றீங்க."

"அது கார்டோட சிக்னல் வெளிய போகாம இருக்க நாங்க கார்டு பர்ஸுக்குள்ள வெச்சுத் தைக்கிற துணி. எங்ககிட்ட வாங்கற வெளிநாட்டுப் பையர் அனுப்புறது, வெளியில கிடைக்காது. அந்தப் பைய யார் தச்சது?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோபி முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்குப் பின்னால் கேட்டில், வாட்ச்மேனும் ஒரு அம்மாவும் வெளியே வரும் ஒவ்வொரு பெண்ணின் டிபன் பையையும் திறந்து, உள்ளே கைவிட்டுப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கேட்டின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: ஒரு துண்டுத் தோலோ துணியோ வெளியே எடுத்துச் சென்றால் உடனடி வேலைநீக்கம். அரை மணி நேரமாக அதற்கு எதிரே நின்றிருந்தும் நான் அதைப் படிக்கவில்லை.

என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. கோபி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான்தான் சார் தச்சேன்."

"நீயா?"

"வேஸ்ட் மூட்டை ஏத்தறப்போ கீழ கெடந்துச்சு. எடுத்துட்டேன்."

"உனக்குத் தைக்கத் தெரியுமா கோபி?"

"தெரியும் சார்."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு கேட்டது. "பதினோரு வருஷம்."

"ஆமா சார்."

"பையர் ஆளுங்க வேஸ்ட்டக்கூட எடை போட்டுப் பாக்கறாங்க. லைன்ல இருக்கிற பொண்ணுங்களுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்னு என்னால வைக்க முடியாதுப்பா. சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துடு."

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். கோபி அதற்குள் போனை வைத்துவிட்டார்.

"இப்பவே திரும்பக் கூப்பிடுங்கண்ணா. நான் பேசறேன்."

"பேசி இன்னான்னு சொல்வீங்க?"

போனுக்காகக் கையை நீட்டினேன். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் எங்க வேணா ஓட்டிக்குவேன் மேடம். அவளுக்குத் திருட்டுன்னு பேரு வந்தா இந்த ஊர்ல எந்தக் கம்பெனியும் சேத்துக்காது." சாவியைப் பையிலிருந்து உருவி எடுத்தார். பையைச் சுருட்டிப் பேன்ட் பாக்கெட்டில் ஆழமாகச் செருகிக்கொண்டார். "இந்தப் பைதான் காரணம்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. கல்யாண நாளுக்குத் தச்சுக் குடுத்தா."

சோதனை முடிந்து, டிபன் பையின் ஜிப்பை இழுத்தபடி ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்து வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"நீங்கதான் எழிலரசி அக்காவா? இவரு உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாரு. இன்னா கோளாறுன்னு தெரிஞ்சுதாக்கா? ஒரு வாரமா மனுஷன் சோறே சரியா துன்னல."

கோபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியிலதாம்மா" என்றேன். "வண்டியிலதான் கோளாறு. சரி பண்ணிட்டேன்."

"அப்பாடா" என்று ஜாஸ்மின் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, உன் மேல தப்பு இருக்காதுன்னு? இனிமே உன் வேலைக்கு ஒண்ணும் இல்ல."

கோபி தலையாட்டினார். "இங்கயே இரு, வந்துடறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சாவியோடு வாட்ச்மேனை நோக்கி நடந்தார்.