இடப்பக்க இருக்கை

எங்கள் வீட்டில் அந்தக் காருக்குப் பெயர் சித்தி. வைத்தவள் என் மகள். அப்பாவுக்கு இரண்டாவது பெண்டாட்டி என்றால் நமக்குச் சித்திதானே என்று ஏழு வயதில் நியாயம் பேசினாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்றுவரை போகவில்லை.

சித்தி இங்கிலாந்துக்காரி. கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, துணிக் கூரை, இரண்டே இருக்கை. என் வீட்டுக்காரர் அவளை வாங்கி இருபத்தாறு வருஷம் ஆகிறது. வாங்கும்போதே அவளுக்கு என் வயதுதான். அந்தக் கூரை வெயிலைத் தடுக்கும், தூசியைத் தடுக்கும், மழையை மட்டும் உள்ளே விடும். அடியில் எப்போதும் எண்ணெய் சொட்டும். பிஸ்கட் சுட நான் ஆசையாக வாங்கிய தகரத் தட்டு அவளுக்கு அடியில் போய்ப் பல வருஷமாகிறது. கேட்டால், "சொட்டுதுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம், சந்தோஷப்படு" என்பார். நடுரோட்டில் இறங்கி நான் அவளைத் தள்ளியிருக்கிறேன். பட்டுப் புடவையோடு தள்ளியிருக்கிறேன்.

திட்டுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் வீட்டில் வாய் திறக்க மாட்டார். பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் 'இது தெரியுதா, அது தெரியுதா' என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வரும்போது வார்த்தை தீர்ந்துபோயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தியில் ஏறி ஊரைத் தாண்டினால்தான் மனிதர் பேசுவார். வீடு வாங்கலாமா, மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, நான் மருந்தக வேலையை விடலாமா, கூடாதா, எல்லாம் அந்த இரண்டு இருக்கைகளில் முடிவானவைதான். ரேடியோ கிடையாது. பின்னால் உட்கார ஆள் கிடையாது. கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகவும் முடியாது. ஒரு பழைய வண்டியை விடாமல் வைத்திருப்பதில் என்ன சுகம் என்று யாராவது கேட்டால், என் பதில் இதுதான்.

பத்து மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒன்றை அந்தக் காரில்தான் சொன்னேன்.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். எங்கள் மகள் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் அந்த அண்ணன் ஏதோ சொல்லப்போய், அண்ணன் தம்பி பேச்சு அறுந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் அண்ணன் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். என் வீட்டுக்காரர் அப்போது சித்திக்கு அடியில் படுத்திருந்தார். ஜன்னல் வழியாக அவர் கால் எனக்குத் தெரிந்தது. கல்யாணத்தன்று மகள் அழுதது என் மனதில் ஆறவில்லை. "அவர் இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். இருபதாவது நாள் அண்ணன் போய்விட்டார். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது இவர், "சாகிற வரைக்கும் ஒரு போன் பண்ணலியே அவன்" என்பார். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

அதைத்தான் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். கியரிலிருந்து கையை எடுத்து என் கைமேல் வைத்துத் தட்டினார். மன்னித்துவிட்டார், அதுவும் ஒரு வார்த்தை திட்டாமல். அன்று முதல்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்படிப்பட்ட சித்தியை விற்கப்போவதாகப் போன மாதம் சொன்னார். "இன்ஜின் போச்சு. நானும் ஆறு மாசமா பாக்குறேன், என் கைக்கு அடங்கல." கடைக்குப் பக்கத்துப் பல் டாக்டர் பத்து வருஷமாக அவள்மேல் கண் வைத்திருப்பவர். ஞாயிறு காலை வந்து ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. தொல்லை விட்டது என்று நான் துள்ளியிருக்க வேண்டும். சனிக்கிழமை மருந்தகத்தில் இரண்டு மருந்துச் சீட்டுகளை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக் கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் திக்கித் திக்கி இருமியது. பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் கார்புரேட்டர் சித்திக்கு இரண்டு; முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதற்கு அவரிடம் கருவி எதுவும் இல்லை, ஒரு முழ ரப்பர் குழாய்தான். ஒரு நுனியைக் காதில் வைப்பார், மறு நுனியை ஒவ்வொரு வாயாகக் காட்டுவார். இரண்டிலும் 'உஸ்' ஒன்றாகக் கேட்கும்வரை திருகைத் திருப்புவார். வலது கையில் திருப்புளி, அதனால் குழாய் எப்போதும் இடது கையில், இடது காதில். இருபத்தாறு வருஷமாக இதே வைத்தியம்தான்.

"ரெண்டும் சரியாத்தான் இருக்கு. இருந்தும் இப்படி இருமுறா" என்றார்.

"குடுங்க பாப்போம்" என்று குழாயை வாங்கினேன். இத்தனை வருஷத்தில் அதை நான் தொட்டதில்லை. முன்னால் உள்ளது குக்கர் மாதிரி சீறியது. பின்னால் உள்ளது தூங்கும் குழந்தை மாதிரி மூச்சு விட்டது.

"ஏங்க, இதுவா சரியா இருக்கு? முன்னாடி உள்ளது கத்துது."

"உனக்கு என்னம்மா தெரியும்?" என்று குழாயைப் பிடுங்கி மறுபடி இடது காதில் வைத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். "ஒண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்று ஒரு சந்தேகம் தட்டியது. குழாயை அவர் கையிலிருந்து எடுத்து, அந்தப் பக்கம் போய், அவருடைய வலது காதில் வைத்தேன். முன்னால் காட்டினேன். பின்னால் காட்டினேன். அவர் முகம் மெல்ல மாறியது. கீழே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் குழாயில் கேட்டுச் சொன்னேன், அவர் திருகைத் திருப்பினார். "இன்னும் கொஞ்சம்... அதிகமாயிடுச்சு... இப்ப சரி." அரை மணி நேரத்தில் சித்தியின் இருமல் நின்றது. இன்ஜின் கிணற்று மோட்டார் மாதிரி சீராக ஓடியது. ஆறு மாதமாக நல்ல இன்ஜினை அவரே தினம் ஒரு திருகு திருகிக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பல் டாக்டருக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க."

"வரட்டும்."

"அதான் சரியாயிடுச்சே?"

துணியில் கையைத் துடைத்தார். துடைத்த விரலையே திரும்பத் துடைத்தார். "வண்டி சரியாயிடுச்சு. காது ஆகல. நீ உக்கார்ற பக்கம் இந்தக் காது. காத்துச் சத்தத்துல நீ பேசுறது எதுவும் எனக்குக் கேக்குறதில்ல. சும்மா தலையாட்டிக்கிட்டு வரேன். உன்னை ஏமாத்துற மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

"ஒண்ணரை வருஷம் இருக்கும்."

ஒன்றரை வருஷம். பத்து மாதம். கணக்குப் போட எனக்கு நேரம் பிடிக்கவில்லை. அன்று நான் சொன்னது எதுவும் இவர் காதில் விழவே இல்லை. அந்த அதிர்ச்சியை மறைக்கத்தானோ என்னவோ, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம், 'கண்ணாடி போட என்ன வெக்கம்'னு மணிக்கணக்காப் பேசுறீங்க. காதுக்கு ஒரு கருவி மாட்ட உங்களுக்கு ஆகாதோ? ஊருக்குத்தான் உபதேசமா?"

"கிழவன்னு சொல்லுவாங்க."

"இப்ப மட்டும் என்ன குமரன்னா சொல்றாங்க?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. பல் டாக்டர் வருவார், சித்தி போவாள், என் ரகசியமும் அவளோடு போய்விடும். ஆனால் அந்த மனிதர் கேட்காத காதோடு ஒன்றரை வருஷமாக ஞாயிறுதோறும் என்னை ஏற்றிக்கொண்டு போய், நான் பேச வேண்டும் என்பதற்காகத் தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த ஆளிடம் மறைத்து வாழ எனக்குத் தெம்பில்லை.

"சாவியக் குடுங்க" என்றேன். "நான் ஓட்டுறேன். நீங்க இடப்பக்கம் உக்காருங்க. நல்ல காது என் பக்கம் வரும்."

அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "டாக்டர்கிட்ட என்ன சொல்றது?"

"டிரைவரை மாத்திட்டோம்னு சொல்லுங்க."

போன் செய்தார். பிறகு, இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

நான் தினம் வேலைக்குக் கார் ஓட்டிப் போகிறவள்தான். இருந்தாலும் சித்தியின் கிளட்சை மிதிக்கத் தனியாக ஒரு கால் வேண்டும். தெருமுனையில் இரண்டு முறை அணைந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கதவை இறுகப் பிடித்தார். ஊரைத் தாண்டி மரங்கள் வந்ததும் நாலாவது கியர் விழுந்தது.

"நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். போன் வந்ததை, ஜன்னலில் அவர் கால் தெரிந்ததை, இல்லை என்று சொன்னதை, ஏன் சொன்னேன் என்பதை. இந்த முறை அவர் தலையாட்டவில்லை.

"வண்டிய நிறுத்து."

ஓரமாக நிறுத்தினேன். இறங்கிப் போனார். கொஞ்ச தூரத்தில் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளப்பத் தெரியாது என்று பயம். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், நடந்தே வீட்டுக்குப் போனால் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு லாரிகள் கடந்து போயின. ஒரு பேருந்து போனது.

வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். கண் சிவந்திருந்தது.

"என்ன கேட்டான்?"

"ஒண்ணும் பெருசா கேக்கல. 'தம்பி இருக்கானா'ன்னார். அவ்வளவுதான்."

"பேரச் சொல்லலியா? தம்பின்னா கேட்டான்?"

"தம்பின்னுதான் கேட்டார்."

நான் கியரைப் போட்டேன். வண்டி நகர்ந்தது. அவர் முகத்தை இடப்பக்கம் வெளியே திருப்பிக்கொண்டார். வலது காது மட்டும் என் பக்கம் இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.