இருட்டுக்கு ஒரு குரல்

என் வீட்டுக்காரர் நெல்லையப்பனுக்குக் குரல்வளையை எடுத்த பிறகும் அவரோடு பேசுவது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. வருஷக்கணக்காகக் கார் உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் நின்றவர் அவர். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து மெஷின்காரருக்குக் கேட்காது. உதட்டையும் கையையும் பார்த்துத்தான் அங்கே எல்லாப் பேச்சும். மகள் வேல்விழி பிறந்ததும் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். அவள் தொட்டிலில் கண்ணயர்ந்திருந்தால் எங்கள் சண்டைகூட உதட்டால்தான் நடக்கும். அவளும் நாலு வயதுக்குள் அப்பாவின் உதட்டைப் படிக்கப் பழகிவிட்டாள்.

வெளிச்சம் போனால்தான் கஷ்டம். எனக்கு வயரிங் கம்பெனியில் ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் செகண்ட் ஷிப்ட். செகண்ட் ஷிப்ட் வாரங்களில் அப்பாவும் மகளும் தனியாகப் படுப்பார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் இருந்த தெருவில் கரண்ட் நினைத்தபோது போகும்.

"எப்பா, இருக்கியா?" என்பாள். அவர் கையைப் பிடிப்பார், நெற்றியைத் தடவுவார்.

"கை இருக்கு. நீ இருக்கியா?" என்று கேட்டு அழுவாளாம்.

மெழுகுவர்த்தி எரிகிறவரை சரி, அணைத்தால் மறுபடி அழுகை. நான் வரும்போது இரண்டு பேரும் அதன் முன்னால் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். 'எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் நாச்சியாரு. இருட்டுல அவளுக்கு ஒரு பதில் சொல்லணும்' என்று ஒருநாள் உதட்டால் சொன்னார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே உடன் வேலை பார்த்த கார்முகிலிடம் இதை எழுதிக் காட்டியிருக்கிறார். உள்ளூர்க்காரரான கார்முகில், ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட மடிக்கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூடியின் ஒரு கீல் உடைந்திருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் எதை அடித்தாலும் வாசித்துக் காட்டும் ஒரு புரோகிராம் அதில் இருந்தது.

"இன்னாண்ணே அப்டி பாக்குற? நீ அடி, அது பேசும். பேட்டரி கீது, கரண்ட் போனாலும் பேசும்."

வீட்டுக்காரர் ஒற்றை விரலால் 'இருக்கேன்' என்று அடித்தார். கணினி "இ..." என்று இழுத்துவிட்டு அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டாலும் அதே "இ..."தான்.

"சவுண்டு டிரைவர் சரியில்லக்கா" என்றார் கார்முகில். ஒலி வரும் பாகத்தை இயக்குகிற மென்பொருளுக்கு அந்தப் பெயராம். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு சிடியோடு வந்தார். ஒன்று சென்னை ரிச்சி தெருக் கடையில் வாங்கியது, ஒன்று பத்திரிகையோடு இலவசமாக வந்தது. பழைய டிரைவரை அப்படியே விட்டு, அதன்மேல் புதியதை ஏற்றுவார். ஏற்ற ஏற்ற அந்த "இ"யும் வரவில்லை.

"கார்முகிலு, பேய் ஓட்டுத மாதிரில்லா இருக்கு. வாரம் ஒரு தகடு கொண்டாரீங்க" என்றேன்.

"சிரிக்காதக்கா. இன்னிக்கு ஓடலன்னா என் பேர மாத்திக்கிறேன்."

"போன வாரமே மாத்தியிருக்கணும்."

வீட்டுக்காரர் மேசையைத் தட்டினார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வெளிப்பக்கம் வாரிக் காட்டினார். பிரஸ் ஷாப் சைகை அது. அச்சில் தகடு சிக்கினால் மேலே இன்னொன்றை வைக்காதே, எல்லாவற்றையும் வெளியே எடு என்று அர்த்தம். கார்முகிலுக்கு அதை நான் சொன்னேன்.

"அப்போ இத்தினி வாரமா நான் ஏத்துனது?"

அவர் மறுபடி வாரிக் காட்டினார்.

ஏற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நடுவில் இரண்டு தடவை டீ போட்டேன். கடைசியில் பாகங்களின் பட்டியலைப் பார்த்த கார்முகில் தலையில் அடித்துக்கொண்டார். "அடச்சே! சவுண்டும் மோடமும் ஒரே நம்பர்ல கீதுண்ணே!"

ஒவ்வொரு பாகமும் கணினியைக் கூப்பிட ஒரு நம்பர் உண்டாம். இரண்டு பாகங்கள் ஒரே நம்பரில் கூப்பிட்டால் யாருக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் அது நின்றுவிடுமாம். நம்பரை மாற்றப் பார்த்தார். அந்தப் பழைய மெஷின் விடவில்லை.

"மோடத்த தூக்கினா நெட்டு வராதுண்ணே. துபாய்ல கீற உன் மச்சானுக்கு மெயிலு அனுப்பலாம்னு..."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே வீட்டுக்காரர் மோடத்தை நிறுத்திவிட்டார். பிறகு ஒரே ஒரு சவுண்டு டிரைவரை ஏற்றிவிட்டு அடித்தார்.

"இருகென்" என்றது கணினி.

வேல்விழி ஓடிவந்து அப்பாவின் வாயையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்பா, இது யாரு? சளி பிடிச்ச வெள்ளைக்காரன் மாதிரி பேசுதான்!"

அவருக்குச் சிரிப்பு தோளில்தான் வரும். அன்று வெகுநேரம் தோள் குலுங்கியது.

அடுத்து வந்த செகண்ட் ஷிப்ட் வாரத்தில் ஒருநாள், சாமான் வராமல் லைன் நின்று எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. எங்கள் ஜன்னலில் மட்டும் மங்கலாக நீல வெளிச்சம்.

"எப்பா, இருக்கியா?"

"இருகென்" என்றது வெள்ளைக்காரக் குரல். நான் படியேறுவதற்குள் நீல வெளிச்சம் பொசுக்கென்று அணைந்தது. பேட்டரி பழசு, அவ்வளவுதான் தாங்கியது. அழுகை வருமென்று கதவில் கை வைத்தேன்.

டக், டக், டக்கென்று எழுத்துக் கட்டைகளை அழுத்தும் சத்தம் கேட்டது. செத்துப்போன கணினியில் அவர் அடித்துக்கொண்டிருந்தார்.

"சரிப்பா" என்றாள் வேல்விழி.

மறுபடி டக், டக்.

"நாளைக்கா? ம்."

நீளமாக ஏதோ அடித்தார். "பொய்யி!" என்று சிரித்தாள்.

நான் கதவைத் தள்ளவில்லை. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தேன். அவள் பதில்கள் குறைந்து, "ம்" மட்டுமாகி, அதுவும் நின்றது. தூங்கிவிட்டாள் என்று எனக்கே தெரிந்தது. அவருக்குத்தான் நிச்சயமில்லை போல. இடைவெளி விட்டு விட்டு, மெதுவாக, இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.